அவள் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் அயல்வீட்டுப் பிள்ளை ஒரு கொப்பியோடு வந்தாள். வேலணையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் யப்பானிய மொழி படிக்கிறாள். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு யப்பான் போக வேண்டும் என்பது அவளது எண்ணம். 2019 ஆம் ஆண்டில் இலங்கையும் யப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னர் திறந்த வழி இது. மொழிப் பரீட்சையிலும் தொழிற் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

"அக்கா, இதுகளுக்குத் தமிழ் சொல்லித் தாங்கோ. எல்லாம் கண்ணையும் பார்வையையும் பற்றின சொல்லுகள். அஞ்சு நிமிச வேலைதான்" என்றாள்.

அஞ்சு நிமிசம் என்று தொடங்கியது, விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. அந்தக் கொப்பி என்னை எங்கெங்கோ கொண்டு போனது. பல வருடங்களுக்கு முன் நானே எழுதிய ஒரு வரியிடமும் கொண்டுபோய் விட்டது. இம்மாதம் அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

யப்பானிய மொழியில் கண்ணுக்கு 'மெ' என்று பெயர். ஒருவரது பார்வையைக் குறிக்க 'மெட்சுகி', 'மனஸஷி' என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் பார்வைதான். ஆனால் 'மெட்சுகி' பெரும்பாலும் குறை சொல்லும்போது வருகிறது. ஆளின் பார்வை சரியில்லை, கடுப்பாக இருக்கிறது என்று சொல்ல அது உதவும். 'மனஸஷி' என்பது கனிவோடு சொல்லும் சொல். தாய் தன் பிள்ளையைப் பார்ப்பதற்கு அந்தச் சொல்தான் பொருந்தும். பார்க்கிற கண் ஒன்றுதான். அதற்கு நாம் எந்தச் சொல்லை எடுக்கிறோமோ, அந்தச் சொல்லோடு எமது தீர்ப்பும் சேர்ந்தே போய்விடுகிறது.

கொப்பியில் இன்னும் பல இருந்தன. தலையைக் குனிந்தபடி கண்ணை மாத்திரம் மேலே உயர்த்திப் பார்ப்பது 'உவமெஸுகாய்'. சிறுபிள்ளை தாயிடம் ஏதாவது கேட்கும்போது பார்ப்பது அப்படித்தான். கண்ணைத் தாழ்த்திக்கொள்வது 'ஃபுஷிமெ'. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மாத்திரம் பக்கவாட்டில் ஓட்டுவது 'நகஷிமெ'. ஒருவரை ஒதுக்கி வெறுப்போடு பார்த்தால் 'வெள்ளைக் கண்ணால் பார்க்கிறார்' என்பார்களாம். பழைய நினைவில் ஆழ்ந்திருப்பவருக்குத் 'தூரத்துக் கண்'. கோபம் வந்தால் கண் முக்கோணமாகிறது. பதற்றத்திலோ பொய் சொல்லும்போதோ பார்வை ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால் 'கண் நீந்துகிறது'. உயிர்ப்பே இல்லாத பார்வைக்குச் 'செத்த மீனின் கண்' என்று சொல்வார்கள்.

செத்த மீன் என்றதும் குசினிக்குள் நின்ற அம்மா வெளியே வந்துவிட்டார். "உதென்ன புதினமே? மீன் வேண்டேக்குள்ள நாங்கள் முதல் பாக்கிறது கண்ணைத்தானே. கண் தெளிஞ்சு முட்டிக்கொண்டு நிண்டால் நல்ல மீன். குழி விழுந்து மங்கிப்போய்க் கிடந்தால் பழசு" என்றார்.

அம்மாவைத் தொடர்ந்து, நெடுந்தீவிலிருந்து வந்து எங்களோடு நின்ற பெரியம்மாவும் திண்ணையில் வந்து அமர்ந்தார். பிறகு கொப்பி எங்கள் கையில் இல்லை. ஒரு சொல்லுக்கு மூன்று சொல்லாக அவர்கள் இருவரும் அள்ளிக் கொட்டினார்கள்.

கோபத்தோடு பார்த்தால் 'முறாய்ச்சுப் பாக்கிறது'. பிழை செய்துவிட்டு அகப்பட்டவன் 'முழுசுறான்'. பயந்து போனவள் 'வெருண்டு பாக்கிறாள்'. வேலையை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றால் 'பிராக்குப் பாக்கிறது'. அடுத்த வீட்டுச் சண்டையை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தால் 'விடுப்புப் பாக்கிறது'. றோட்டில் நடப்பதைக் கூட்டமாக நின்று பார்த்தால் 'புதினம் பாக்கிறது'. இல்லாத ஒன்றுக்காக மனம் கிடந்து தவித்தால் 'அங்கலாய்ச்சுப் பாக்கிறது'. ஒன்றும் தோன்றாமல் ஒரே இடத்தைப் பார்த்தால் 'வெறிச்சுப் பாக்கிறது'. தெரிந்தவரைத் தெரியாதவர் போல விட்டுவிட்டுப் போனால் 'கண்டும் காணாத மாதிரிப் போறது'. கண்ணால் சைகை செய்தால் 'கண்ணைக் காட்டுறது'. தயவு வேண்டினால் 'கொஞ்சம் கண் பாருங்கோ'. தெய்வத்திடம் முறையிட்டால் 'நாகபூஷணி அம்மாள் கண் திறக்கோணும்'.

பெரியம்மா கடைசியாகச் சொன்ன சொல் 'கண் பூத்துப் போறது'. வருவார் வருவார் என்று பாதையைப் பார்த்துப் பார்த்துக் கண் பார்வையே மங்கிப் போவது. அதைச் சொல்லிவிட்டு அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் போனவர்களைத் தெரியாத குடும்பம் அந்தத் தீவில் இல்லை. நடுக்கடலில் வைத்து, கைக்குழந்தை உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அன்று இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்தவர்களில் பெரியம்மாவும் ஒருவர். யப்பானியர் 'தூரத்துக் கண்' என்று எதைச் சொல்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் எழுதிய அந்த ஒரு வரி நினைவில் வந்து நின்றது.

இந்த வேலைக்கு நான் வந்த புதிது. சமூகவியல் பட்டம் கையில் இருந்தது. எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. அப்போது நான் வேலை செய்த நிறுவனம், தீவகத்தில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு ஆடு வளர்ப்புக்கு உதவ முன்வந்திருந்தது. வீடு வீடாகப் போய் விபரம் எடுத்துப் படிவம் நிரப்புவது எனது பொறுப்பு. படிவத்தின் பின்பக்கத்தில் 'அவதானிப்பு' என்று ஒரு பகுதி. அதில் 'கண் தொடர்பு: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம். வெளிநாட்டில் தயாரித்த படிவத்தைத் தமிழாக்கியிருந்தார்கள்.

ஒரு கிராமத்தில் ஒரு வீடு. அந்த அம்மாவுக்கு ஐம்பதை அண்டிய வயது. 1990 ஆகஸ்ட் மாதம் தீவகத்தில் நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் அயற்கிராமங்களிலும் இருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பி வரவில்லை. அந்த அம்மாவின் கணவரும் அக்காலத்தில் போனவர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் பதில் சொன்னார். ஆனால் ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார், தன் கைவிரலைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார். நான் முகத்தை நேரே கொண்டுபோனால் பக்கத்தே திரும்பிக்கொண்டார்.

நான் 'இல்லை' என்பதில் அடையாளமிட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். அதற்குக் கீழே, 'முகம் பார்த்துக் கதைக்க மறுக்கிறார். வருமானம் பற்றிய தகவலை மறைப்பதாகத் தெரிகிறது' என்றும் எழுதினேன்.

கோவையில் ஏறிய அந்த ஒரு வரியால் அவரது பெயர் மீள்பரிசீலனைப் பட்டியலுக்குப் போனது. அந்த முறை ஆடுகள் வேறு குடும்பங்களுக்குப் போயின. இரண்டாவது தடவை விசாரிக்க அவரிடம் என்னைத்தான் அனுப்பினார்கள். அதற்குள் ஐந்து மாதங்கள் ஓடிவிட்டிருந்தன.

அன்று நான் படிவத்தை எடுக்கவில்லை. வெறுந்தேநீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். அப்போதும் நிமிரவில்லை. "ஏனம்மா என்னைப் பாக்கிறியள் இல்லை? நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ?" என்று நேரடியாகவே கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லைப் பிள்ளை. நீங்கள் நாலு பேருக்கு நல்லது செய்ய வெளிக்கிட்டு வந்தனீங்கள். என்ர கண் உங்களுக்கு வேண்டாம்."

பிறகு மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொன்னார். கணவர் போய்ச் சில வருடங்களின் பின் ஒரு விடியற்காலை. அயலில் ஒருவர் கடலுக்குப் போக வெளிக்கிட்டபோது இவர் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். அன்று வள்ளம் வெறுமையாகத் திரும்பியது. "உவளின்ர முகத்தில முழிச்சதுதான்" என்று ஒழுங்கையில் நின்று சத்தமாகச் சொன்னார்களாம். அன்றிலிருந்து வள்ளங்கள் எல்லாம் போய் முடியும் வரைக்கும் இவர் படலையைத் திறப்பதில்லை. கலியாண வீட்டுக்குப் போனால் பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பார். யாரும் புது உடுப்பு உடுத்தி வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். இருபது வருடப் பழக்கம். இப்போது நிமிர்ந்து பார் என்றாலும் கழுத்து நிமிராது என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை, சகோதரிகளே. தன் பார்வை பட்டு எனக்கு ஏதும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு நான் வைத்த பெயர் களவு.

எங்கள் ஊரில் இதற்கு 'முழிவியளம்' என்று ஒரு சொல் உண்டு. காலையில் யார் முகத்தில் முழித்தோம், வெளிக்கிடும்போது எதிரே யார் வந்தார் என்று பார்ப்பது. வைத்தியரோ பொலிசோ பரீட்சையோ, எதற்குப் போய் எது நடந்தாலும் முழிவியளத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். பழி விழுவது எப்போதும் துணை இல்லாத பெண்ணின் தலையில்தான். கணவன் இறந்தவளுக்கு ஒரு பங்கு என்றால், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவளுக்கு இரண்டு பங்கு. அவள் பொட்டு வைத்தாலும் கதை, அழித்தாலும் கதை. அவர் வருவார் என்று அவள் நம்பிக்கொண்டிருக்க, ஊர் அவளை விதவையாக்கிச் சடங்குகளிலிருந்து ஒதுக்கி விடுகிறது.

ஆனால் இதே தீவகத்தில் நாம் யாரைக் கும்பிடுகிறோம் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். புங்குடுதீவில் கண்ணகை அம்மன் கோவில் இருக்கிறது. கண்ணகி யார்? மதுரையில் அநியாயமாகக் கணவனைப் பறிகொடுத்தவள். ஆட்சியாளனின் முன்னே போய் நின்று, தலை நிமிர்ந்து நியாயம் கேட்டவள். அவளது கடைக்கண் எங்கள் மேல் பட வேண்டும் என்று நேர்த்தி வைக்கிறோம், தூக்குக்காவடி எடுக்கிறோம். கோவிலுக்குப் போகிற வழியிலே, கணவனைப் பறிகொடுத்த அயல்வீட்டுப் பெண் எதிரே வந்தால், கொஞ்சம் நின்று போவோம் என்று ஒதுங்குகிறோம். இது நியாயமா? கும்பிடுகிற கண்ணுக்கு ஒரு சட்டம், கும்பிடாத கண்ணுக்கு இன்னொரு சட்டமா?

கண்ணூறு, நாவூறு பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதுவீடு கட்டும்போது வெருளி கட்டுகிறோம். குழந்தைக்குக் கன்னத்தில் பொட்டு வைக்கிறோம். உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். இவையெல்லாம் எங்கள் பாட்டிமார் எங்களில் வைத்த அன்பின் அடையாளங்கள். அவற்றை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் "இன்னாரின் கண் பட்டதுதான்" என்று ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டும்போது, நோய்க்கு மருந்து தேடுவதை விட்டுவிட்டு ஒரு மனுசியை நோயாக்கி விடுகிறோம்.

இனி, அந்தப் படிவத்தின் கட்டத்துக்கு வருவோம். 'கண் தொடர்பு' என்பது மேலைநாட்டு உளவளத்துணையில் முக்கியமாகச் சொல்லப்படுகிறது. முகத்தைப் பார்த்துப் பேசுபவர் நேர்மையானவர், ஆர்வமுள்ளவர் என்பது அங்குள்ள பொதுவான எண்ணம். எல்லா நாட்டுக்கும் அது பொருந்துமா? 2013 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் பின்லாந்துக்காரரையும் யப்பானியரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேருக்கு நேர் பார்க்கும் முகத்தை, பின்லாந்துக்காரரைவிட யப்பானியர் கூடுதலாகக் கோபமான முகமாக, நெருங்க முடியாத முகமாக உணர்ந்தார்கள். ஓரிடத்தில் மரியாதையாக இருப்பது இன்னோரிடத்தில் மிரட்டலாகத் தெரியலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சைமன் பேரன்-கோஹனும் அவரது குழுவினரும் 1997 இல் உருவாக்கி, 2001 இல் திருத்தி அமைத்தது. கண் பகுதியை மாத்திரம் காட்டும் 36 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு சொற்கள். அந்தக் கண்ணில் தெரிவது எது என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். யப்பானிய மாணவர்களையும் அமெரிக்க மாணவர்களையும் கொண்டு, இதே முறையில் இரு இனத்தவரின் கண் படங்களையும் காட்டிச் செய்த ஆய்வொன்று 2010 இல் வெளிவந்தது. இரு பகுதியினரும் தத்தம் இனத்தவரின் கண்ணைத்தான் கூடுதலாகச் சரியாக வாசித்தார்கள். அப்படியென்றால், பார்வையை வாசிப்பதற்குப் பழக்கம் வேண்டும். அந்த மனிதரின் ஊரும் வாழ்வும் தெரிந்திருக்க வேண்டும்.

36 என்றதும் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரமும் 36 பார்வைகளைத்தான் வகுத்துக் கூறுகிறது. பரதம் பயிலும் எங்கள் பிள்ளைகள் 'அபிநய தர்ப்பண'த்தின் எட்டுப் பார்வைகளையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், நிமீலிதம், உல்லோகிதம், அனுவிருத்தம், அவலோகிதம். இவற்றில் அவலோகிதம் என்பது கீழே நிலத்தைப் பார்ப்பது. மேடையில் ஒரு பெண் நிலத்தைப் பார்த்தால் அதற்கு ஒரு பெயர் வைத்து, அது எந்த இடத்தில் வரும் என்று பொறுமையாகப் படிக்கிறோம். வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் நிலத்தைப் பார்த்தால் அதற்கு 'இல்லை' என்று ஓர் அடையாளம் மாத்திரம்தான்.

திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில் 71 ஆவது, மற்றது காமத்துப்பாலில் 110 ஆவது. சபையில் இருப்பவனுக்கும் அடுத்தவரின் முகக்குறிப்பு விளங்க வேண்டும், காதலிப்பவனுக்கும் விளங்க வேண்டும். பெயர் ஒன்று என்றாலும் பார்வையின் பொருள் இடத்துக்கு இடம் வேறு. அவ்வளவு பழைய செல்வத்தை வைத்துக்கொண்டு, 'உண்டு / இல்லை' என்ற இரண்டு சொற்களுக்குள் எங்கள் பெண்களின் கண்களை நாம் ஏன் அடைக்க வேண்டும்?

இதில் எங்கள் வீடுகளுக்கும் பங்கு உண்டு. பெண்பிள்ளைக்குச் சிறுவயதில், "குனிஞ்ச தலை நிமிராமல் போய் வா" என்கிறோம். அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிலத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், "கள்ள முழி முழிக்காதை, முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்கிறோம். நேர்முகப் பரீட்சைக்குப் போனால், தன்னம்பிக்கை இல்லாத பிள்ளை என்று புள்ளி குறைக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் 'முழிப்பான ஆள்', குனிந்தால் 'கள்ளி'. எந்தப் பக்கம் பார்த்தாலும் பிழையென்றால் அவள் எங்கேதான் பார்ப்பாள்?

அந்த அம்மாவின் வீட்டிலிருந்து திரும்பிய பின் எனக்கென்று சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். களத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும், தாய்மாருக்கும், ஆசிரியைகளுக்கும் அவை உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, கண் என்ன செய்தது என்பதை மாத்திரம் எழுதுவது. 'கணவரைப் பற்றிக் கேட்டபோது வாசலைப் பார்த்தார்' என்று எழுதலாம். 'மறைக்கிறார்', 'அக்கறை இல்லை', 'திமிர்' என்பவை அவரது கண்ணில் இருந்தவை அல்ல. அவை எனது மனதில் இருந்தவை.

இரண்டாவது, எப்போது என்பதையும் சேர்த்து எழுதுவது. தன் ஆட்டைப் பற்றிப் பேசும்போது மலர்ந்த கண், மாமியார் வந்து பக்கத்தில் இருந்ததும் ஏன் தாழ்ந்தது? அந்த மாற்றம் ஒரு நூறு கேள்விக்குப் பதில் சொல்லும். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் பலர் வாயால் சொல்லாததை இப்படித்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது, வருத்தமாகவும் இருக்கலாம் என்பதை மறவாதிருப்பது. "ஆச்சி இப்ப ஒருமாதிரி வெறிச்சுப் பாக்கிறா, ஆக்களை மதிக்கிறா இல்லை" என்று ஒரு வீட்டில் குறைப்பட்டார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டியபோது இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்த பிறகு ஆச்சி பேத்தியின் தோட்டைப் பார்த்து, "உது எப்ப வேண்டினது?" என்று கேட்டாராம். அதுபோல, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத, தாயின் முகத்தை நாடாத குழந்தையைக் 'குழப்படி' என்று விட்டுவிடாமல் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். நேரத்தோடு காட்டினால் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

நான்காவது, கேட்பது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது எங்கள் முதியோர் வாக்கு. நான் அன்று ஐந்து மாதங்கள் முன்னதாகவே, "ஏனம்மா பாக்கிறியள் இல்லை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. எனக்கு வாய் இருந்தது.

அந்த அம்மாவுக்கு அடுத்த சுற்றில் இரண்டு ஆடுகள் கிடைத்தன. நான் எழுதிய வரியை மேலதிகாரியிடம் சொல்லி வெட்டிவிட்டு, கீழே புதிதாக எழுதிக் கையொப்பம் வைத்தேன். வெட்டியது கோவையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா? அவர் இன்றைக்கும் விடிய வெள்ளெனப் படலையைத் திறப்பதில்லை. ஊர் மாறாமல் அவர் மட்டும் எப்படி மாறுவார்? ஆனால் போன முறை நான் போனபோது, குட்டி போட்ட ஆட்டைக் காட்டுவதற்காக என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். குட்டியைத் தூக்கி என்னிடம் தந்தபோது ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். உடனே தாழ்த்திக்கொண்டார். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பி நிறைந்துவிட்டது. யப்பானியச் சொல்லுக்கு எதிரே அம்மாவும் பெரியம்மாவும் சொன்ன ஊர்ச்சொற்கள். அவள் போகப்போகும் வேலைக்கு இவை வீண் அல்ல. பேச்சிழந்த ஒரு முதியவரின் கட்டிலருகே நிற்கும்போது, அவருக்குத் தாகமா, வலியா, வீட்டு நினைவா என்று கண்ணைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும். 'கண்ணும் வாய்க்குச் சமமாகப் பேசும்' என்பது யப்பானியரின் பழமொழி என்று அவளே எனக்குச் சொல்லித் தந்தாள்.

போகும்போது ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, 'மனஸஷி' எண்டதுக்குச் சரியான தமிழ் என்ன? பார்வை எண்டு போட்டால் காணாது போல கிடக்குது."

யோசித்துவிட்டுக் 'கண்ணோட்டம்' என்று எழுதச் சொன்னேன். அவள் திகைத்தாள். இன்று நாம் அச்சொல்லைக் 'கருத்து', 'நோக்குநிலை' என்ற பொருளில்தான் கூட்டங்களில் பாவிக்கிறோம். வள்ளுவர் 58 ஆவது அதிகாரத்துக்கு வைத்த பெயர் அது. அங்கே அதன் பொருள் இரக்கம். கண் அடுத்தவரிடம் ஓடிச்சென்று அவரது துன்பத்தைத் தொட்டுவிட்டு வருவதுதான் கண்ணோட்டம். அது இல்லாத கண் முகத்திலுள்ள புண்ணுக்குச் சமம் என்று அவர் கடுமையாகவே சொல்கிறார். பெண்களுக்கென்றோ விதவைகளுக்கென்றோ அவர் அதில் விலக்கு ஒன்றும் வைக்கவில்லை.

சகோதரிகளே, நாளைக் காலையில் நீங்கள் வெளிக்கிடும்போது, படலையடியில் தலை குனிந்தபடி ஒரு பெண் ஒதுங்கி நிற்கக்கூடும். தயவுசெய்து நின்று, அவளது முகத்தைப் பார்த்து, "என்னக்கா, சுகமே?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். போகிற காரியம் கெட்டுவிடாது.

அடுத்த மாதம் சந்திப்போம்.